மூன்று அங்குலம் தாழ்ந்த ரிங்

ஸ்வப்னா மேடம் போன மாதம் போன் செய்தார். கல்லூரியில் புதிய உள்விளையாட்டரங்கம் திறந்ததற்கு ஒரு மலர் போடுகிறார்களாம். அதில் தமிழுக்கென்று நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறார்களாம். அந்த நான்கு பக்கத்தையும் நான்தான் எழுத வேண்டுமாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முப்பத்து நான்கு வருஷ வேலையில் நான் எழுதியதெல்லாம் லீவு லெட்டர்களும் ஒரே ஒரு விளக்கக் கடிதமும்தான் என்றேன்.

“அதே ராயண்டி அண்ணா, அதையே எழுதுங்க! அந்த லெட்டர் கதைதான் எனக்கு வேணும். கஜா படிக்கணும்” என்றார் பாதித் தெலுங்கும் பாதித் தமிழுமாக.

மேடம் இப்போது கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். கஜா என்கிற கஜலட்சுமி எங்கள் கல்லூரியிலிருந்து போய், பாஸ்கெட்பால் ஆடுவதற்கென்றே ஒப்பந்தம் போட்டுச் சம்பளம் வாங்கும் முதல் பெண். நான் முனிரத்தினம். திருப்பதியில் அதே கல்லூரியில் மார்க்கராக இருந்து ஓய்வு பெற்றவன். மார்க்கர் என்றால் மைதானத்தில் கோடு போடுகிறவன். கோடு என்னமோ புல் மாதிரி தானாக முளைக்கிறது என்றுதான் ஆடுகிறவர்களும் பார்க்கிறவர்களும் நினைக்கிறார்கள். கோடு கோணலாகப் போனால்தான் மார்க்கர் என்று ஒருத்தன் இருப்பது ஊருக்குத் தெரியும்.

எனக்குச் சொந்த ஊர் பிச்சாட்டூர். ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம், வேர்க்கடலை. பத்தாவது பாஸ் செய்துவிட்டு நான் வரப்பில் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், நைனா வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார். கடிதம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்குக் கால்பந்துக்கும் கைப்பந்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஆறே மாதத்தில் கபடி, கோகோ, வாலிபால், ஓட்டப் பாதை எல்லாவற்றின் அளவும் தலைகீழாகச் சொல்வேன். அதற்குக் காரணம் சுப்பராயுலு சார்.

சார்தான் அப்போது உடற்கல்வி இயக்குநர். வெள்ளைப் பேண்ட், வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, வாயில் ஒரு கிராம்பு. கழுத்தில் விசில் தொங்கும், ஆனால் அவர் அதை ஊதி நான் கேட்டதில்லை. காலை ஆறு மணிக்கு வருவார். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, நான் போட்ட கோட்டின் மேல் குதிகாலும் விரலும் ஒட்ட ஒட்ட வைத்து நடப்பார். முழுக் கோட்டையும் நடந்து முடித்ததும், சரியாக இருந்தால் ஒன்றும் சொல்லாமல் ஷூ மாட்டிக்கொண்டு போய்விடுவார். தப்பிருந்தால் ஒரே ஒரு வார்த்தை. “மள்ளீ.”

தெலுங்கில் ‘மறுபடியும்’ என்று அர்த்தம். எங்கே தப்பு, எத்தனை அங்குலம் தப்பு என்று சொல்லமாட்டார். புங்க மரத்தடியில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்க ஆரம்பித்துவிடுவார். தப்பை நானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வருஷம் எனக்கு அந்த மனுஷனை மைதானத்திலேயே புதைத்துவிடலாமா என்று கோபம் வரும். திட்டினாலாவது பதிலுக்கு மனசுக்குள் திட்டிக்கொள்ளலாம். பேப்பர் படிக்கிறவரை என்ன செய்வது?

ஒரு தடவை பல்கலைக்கழகப் போட்டிக்காக பாஸ்கெட்பால் மைதானத்தின் மூன்று பாயின்ட் வளைகோட்டைச் சாரே டேப் பிடித்து அளந்து கொடுத்தார். அந்தக் கோட்டை ரிங்கின் நடுவிலிருந்து தூக்குக் குண்டு விட்டு, அது தரையைத் தொடும் புள்ளியிலிருந்துதான் அளக்க வேண்டும். சார் அவசரத்தில் போர்டுக்கு நேர் கீழிருந்து அளந்துவிட்டார். நான் பெயின்ட் அடித்து முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. வெளியூர் டீம்கள் எல்லாம் சுற்றி நிற்கின்றன. சார் தன் நெஞ்சில் விரலை வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி “மள்ளீ” என்றார். பிறகு பேண்டை முழங்காலுக்கு மடித்துவிட்டு உட்கார்ந்து, கெரோசின் துணியால் அந்தக் கோட்டை அவரே அழித்தார். அன்றைக்குத்தான் எனக்கு அவர் மேலிருந்த கோபம் போனது.

இனி சார் எனக்குக் கொடுத்த அளவுக் கம்புக்கு வருகிறேன். பாஸ்கெட்பால் ரிங் தரையிலிருந்து மூன்று மீட்டர் ஐந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் ஆட்கள் இன்னமும் பத்தடி என்றுதான் சொல்வார்கள். ஒவ்வொரு போட்டிக்கும் ஏணி போட்டு டேப் பிடிக்க முடியாது என்று, சார் நல்ல முற்றிய மூங்கில் ஒன்றை வாங்கி, அளவு பார்த்து அறுத்து, அடியில் வெல்டிங் கடையில் செய்த ஓர் இரும்புக் காலை மாட்டினார். கம்பை ரிங்குக்கு நேராக நிறுத்தினால் போதும். நுனி ரிங்கைத் தொட்டு நின்றால் உயரம் சரி. அதைக் கொடுத்தபோது சார் ஏதோ விவரமாகச் சொன்னார். எனக்கு அன்று காலையிலிருந்து சாப்பாடில்லை. கேன்டீனிலிருந்து வடை வாசனை வந்துகொண்டிருந்தது. சார் சொன்ன எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினேன்.

சார் ஓய்வு பெற்று, புத்தலப்பட்டுக்குப் பக்கத்தில் இருந்த தன் மாந்தோப்புக்கே குடிபோனார். அதற்குப் பிறகு ஒரு பெருமழையில் எங்கள் ஸ்டோர் ரூமுக்குள் தண்ணீர் வந்து ஒரு வாரம் நின்றது. கம்பின் இரும்புக் கால் துருப்பிடித்துக் கழன்று விழுந்தது. கம்பு நிலத்தில் இடித்து இடித்துத் தேயாமல் இருக்கத்தான் சார் அந்தக் காலை மாட்டியிருக்கிறார் என்பது என் எண்ணம். மூங்கில் முழுசாகத்தானே இருக்கிறது என்று, காலைப் பழைய இரும்போடு போட்டுவிட்டேன். பழைய ரிங்குகள் அசையாதவை என்பதால் அதற்குப் பிறகு கம்பை எடுக்கவேயில்லை. சில வருஷம் கழித்துக் கல்லூரிக்குப் புது போஸ்ட்கள் வந்தன. நட்டு போல்ட்டால் ரிங்கை ஏற்றலாம், இறக்கலாம். அந்தக் கம்பை நிறுத்தி, நுனிக்குச் சரியாக இரண்டு பக்கமும் ரிங்கை இறக்கி முடுக்கியவன் நான்தான்.

கஜா வந்தது அதற்கும் பிறகு. நகரியில் அவள் வீட்டில் நான்கு விசைத்தறி. தறிச் சத்தத்தில் பேசிப் பழகியதால், பக்கத்தில் நிற்கிறவரிடமும் தெருக்கோடிக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவாள். ஹாஸ்டலில் இருந்தாள். விடிந்ததும் நான் மைதானத்தைப் பெருக்க வரும்போது அவள் ஏற்கெனவே பந்து போட்டுக்கொண்டிருப்பாள். தினம் இருநூறு. குறைந்தால் காலை டிபன் துன்னமாட்டாள், அப்படி ஒரு சபதம். மற்றவர்கள் ரிங்குக்குக் கீழே முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது இவள் வளைகோட்டுக்கு வெளியிலிருந்து தூக்கிப் போடுவாள். வலை மட்டும் ஒரு ‘சவுக்’ சத்தம் போடும். அந்தச் சத்தத்துக்காகவே நான் பெருக்குவதை மெதுவாகச் செய்வேன்.

அப்போது ஸ்வப்னா மேடம் ஒப்பந்தப் பயிற்சியாளராகச் சேர்ந்திருந்தார். அவருக்கு ஒரு விஷயம் புரியவேயில்லை. சொந்த மைதானத்தில் எங்கள் பெண்களை யாராலும் தொட முடியாது. வெளியூர் போனால் முதல் பாதி முழுக்கப் பந்து ரிங்கின் முன்விளிம்பில் பட்டுப் பட்டு விழும். எங்கள் ஊருக்கு வரும் டீம்களின் பந்து ரிங்கைத் தாண்டிப் போர்டில் மோதித் தெறிக்கும். ஏழுமலையான் நம் பக்கம் இருக்கிறார் என்று நாங்கள் பூரித்துப்போனோம். வெளியூரில் சொதப்பினால் பயம், பஸ் அசதி, ஹாஸ்டல் சாம்பார் என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம். இத்தனைக்கும் கஜா மூன்று வருஷமும் பல்கலைக்கழக டீமில் ஆடினாள், கடைசி வருஷம் கேப்டன்.

அந்தக் கடைசி வருஷம்தான் தொழில்முறை லீக் ஒன்றுக்கு ஆள் எடுப்பதாகச் செய்தி வந்தது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சித்தூரில், ஒரு தனியார் உள்ளரங்கில் தேர்வு. அதில் தேறினால் ஒப்பந்தம். தேறாவிட்டால் நகரியில் வேறு ஏற்பாடு தயாராக இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் பி.இ.டி. வேலை, அப்புறம் கல்யாணம். அவள் நைனா நல்ல மனுஷர். “ஒரு வாட்டி போய்ட்டு வா. ஆவலைன்னா அதோட உட்டுடணும்” என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

பந்துப் பையும் தண்ணீர்க் கேனும் தூக்கிக்கொண்டு நானும் சித்தூர் போனேன். கஜாவுக்குப் பன்னிரண்டு பந்து கொடுத்தார்கள். முதல் பந்து முன்விளிம்பில் பட்டு விழுந்தது. இரண்டாவதும் அதே இடம். மூன்றாவதும். அவள் கையை உதறிக்கொண்டாள், ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். பதினொரு பந்து அதே இரும்பில் ‘டங்’ என்று பட்டது. பன்னிரண்டாவதை வெறி வந்தவள் மாதிரி வீசினாள், அது போர்டுக்கு மேலே போய்விட்டது. தேர்வாளர் ஒருவர் மட்டும் அவள் கைவீச்சு நன்றாக இருக்கிறதென்று பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் எழுதிக்கொண்டார். மூன்று வாரம் கழித்துப் பெங்களூரில் கடைசித் தேர்வு, வேண்டுமானால் வரலாம் என்றார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கஜா என்னிடம்தான் சொன்னாள்.

“மார்க்கரண்ணா, இங்க ரிங் ஒசரமா கீது.”

“இன்னா?”

“நம்மளுதவிட ஒசரமா கீதுண்ணா. என் கை சொல்லுது.”

எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்தது என்று தெரியவில்லை. என் ரிங்கைத் தாழ்வு என்கிறாளா? சுப்பராயுலு சாரின் கம்பால் அளந்த ரிங்கை?

“பந்து உழலைன்னா ரிங்கு மேல பழி போடுவியா? என் கம்பு இத்தினி வருசத்துல பொய் சொன்னதில்ல. பயந்துக்கினேன்னு ஒத்துக்கினு போ” என்றேன். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் திருப்பதி வரைக்கும் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டே வந்தாள். உரக்கப் பேசுகிற பெண் வாயை மூடிக்கொண்டால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குப் பார்த்தேன்.

மறுநாள் காலை மைதானத்தில் சத்தமில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை. ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு நகரி போய்விட்டாள் என்று மேடம் சொன்னார். “பெங்களூர் போகலையாம் அண்ணா. எனக்குத் தைரியம் இல்ல மேடம், மார்க்கரண்ணாவே சொல்லிட்டாருன்னு சொன்னா” என்றார்.

அது என்னை உறுத்தியது. ஆனால் உறுத்தலை விடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. அவள் சொன்னது தப்பு என்று எனக்கு நானே நிரூபித்துக்கொள்ள, ஏணி போட்டு ஏறி, கட்டட வேலைக்காரரிடம் ஸ்டீல் டேப் வாங்கி ரிங்கிலிருந்து தரைக்கு விட்டேன். மேலே நான் பிடித்துக்கொண்டு, கீழே மேடத்தைப் படிக்கச் சொன்னேன். மேடம் படித்தார். மறுபடியும் படிக்கச் சொன்னேன். பிறகு நானே இறங்கி வந்து படித்தேன். மூன்று அங்குலம் குறைவு. எதிர்ப்பக்கமும் மூன்று அங்குலம் குறைவு.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷம், தினம் இருநூறு பந்து. அத்தனையையும் அந்தப் பெண் தாழ்ந்த ரிங்கில் போட்டுப் பழகியிருக்கிறாள். அவள் கை கற்ற பாடமே என்னால் தப்பாகிவிட்டது. அதற்கு மேல் அவளைப் பயந்தவள் என்று நடுத்தெருவில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு அவமானமாக இருந்தது. இன்றைக்கு எழுதும்போதும் இருக்கிறது.

மேடம் மெதுவாகச் சொன்னார். “ரிங்கை ஏத்திடலாம் அண்ணா. யாருக்கும் தெரிய வேண்டாம். உங்களுக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு.”

நல்ல மனசோடுதான் சொன்னார். எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன். அன்று சாயந்திரமே போல்ட்டைத் தளர்த்தி இரண்டு ரிங்கையும் சரியான உயரத்துக்கு ஏற்றினேன். ஆனாலும் மறுநாள் லீவு போட்டுவிட்டுப் புத்தலப்பட்டு பஸ் ஏறினேன்.

சார் தோப்பில் மரத்துக்கு மரம் கயிறு பிடித்து வாய்க்கால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். வயது எண்பதைத் தாண்டியிருக்கும். வாயில் அதே கிராம்பு. நான் கதை முழுவதையும் சொன்னேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கம்புக்குக் காலு உந்தா?”

“கால் இல்ல சார். துருப்பிடிச்சு உழுந்துட்ச்சு. அது தேயாம இருக்கத்தானே...”

“கால் மூன்று அங்குலம், ரத்தினம். காலோடு சேர்த்துத்தான் அளவு. அன்றைக்கே உன்னிடம் சொன்னேனே?” என்று தெலுங்கில் கேட்டார்.

வடை வாசனை ஞாபகம் வந்தது. ரிங்கை நேற்றே சரியான உயரத்துக்கு ஏற்றிவிட்டேன் சார் என்றேன், பாராட்டை எதிர்பார்க்கிறவன் மாதிரி.

“அந்தப் பெண்ணிடம் சொன்னாயா?”

“இல்ல சார்.”

“பிரின்சிபாலிடம்?”

“இல்ல.”

சார் கயிற்றைக் கையில் எடுத்துக்கொண்டார். “மள்ளீ” என்றார். சொல்லிவிட்டு வாய்க்கால் கோட்டைப் பார்க்கப் போய்விட்டார். புங்க மரமும் பேப்பரும்தான் இல்லை.

அங்கிருந்து திருப்பதி திரும்பி, அங்கிருந்து நேராக நகரிக்குப் போனேன். கஜா வீட்டில் நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. நான் சொல்வது யார் காதிலும் விழவில்லை. கடைசியில் அவள் நைனா போய் மெயின் சுவிட்சை அணைத்தார். திடீரென்று வந்த அந்த அமைதியில் நான் சொல்ல வேண்டியதாயிற்று.

“தப்பு என்னுதும்மா. நம்ம ரிங்கு மூணு அங்குலம் எறக்கமா இருந்துது. நீ சொன்னது நெசம். சித்தூர் ரிங்கு சரியாத்தான் இருந்துது, நம்மளுதுதான் எறக்கம். பஸ் ஸ்டாண்டுல நான் சொன்னதை எடுத்துக்கினு போய்த் தூக்கிப் போட்டுடு.”

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் தன் வலது கையை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப என் கை சரியாத்தான் சொல்லிச்சா அண்ணா?”

“சரியாத்தாம்மா சொல்லிச்சு. என் கம்பைவிடச் சரியா.”

அவ்வளவுதான். அவள் முகம் எப்படி மாறியது என்று எனக்கு எழுதத் தெரியவில்லை. “நைனா, பெங்களூருக்கு டிக்கெட் போடணும்!” என்று பழைய குரலில் கத்தினாள். தறி நின்றிருந்ததால் அது எதிர்வீட்டுக்கே கேட்டது. அவர் தயங்கினார். ஒரு வாட்டி என்றுதானே சத்தியம் என்றார். “அது தப்பு ரிங்குல பழகினு போன வாட்டி நைனா, கணக்குல வராது” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். கணக்கில் வராது என்று நானும் தலையாட்டினேன். இந்த முறை கேட்டுவிட்டுத்தான் ஆட்டினேன்.

ஊர் திரும்பி, அதுவரை நடந்ததை அப்படியே எழுதிப் பிரின்சிபாலிடம் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, “யாருமே கேட்காதபோது எதுக்குய்யா எழுதினே?” என்று தலையில் கைவைத்துக்கொண்டார். எழுதிக் கொடுத்துவிட்டதால் அவருக்கும் வேறு வழியில்லை, மெமோ வந்தது. அதற்கு விளக்கக் கடிதம் கொடுத்தேன். அதுதான் மேடம் சொன்ன அந்தக் கடிதம். வேலைக்காலம் முழுவதிலும் எனக்கு வந்த ஒரே மெமோ. பிள்ளைகளின் படிப்புச் சான்றிதழ்களோடு அதையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

கஜாவிடம் பதினெட்டு நாள் இருந்தது. முதல் நாள் இருநூறில் பாதிக்கு மேல் முன்விளிம்பில்தான் விழுந்தன. மூன்று வருஷப் பழக்கத்தைக் கை அவ்வளவு லேசில் விட்டுவிடுமா? மேடம் அவளை வளைகோட்டுக்குப் போகவிடவில்லை. ரிங்குக்குப் பக்கத்தில் நிறுத்தி, நாளுக்கு ஓரடி மட்டும் பின்னே வரச்செய்தார். முழங்காலை இன்னும் கொஞ்சம் மடக்கு, கையைக் கண்ணுக்கு மேலே நீட்டி முடி என்று ஒவ்வொரு பந்துக்கும் சொன்னார். நான் பந்து பொறுக்கிப் போட்டேன். தினம் காலையில் அவள் வருவதற்கு முன் டேப் விட்டு ரிங்கை அளந்தேன், ரிங் என்ன இரவில் நடந்தா போகப்போகிறது என்று தெரிந்தும். பதினான்காம் நாள் வளைகோட்டுக்கு வெளியிலிருந்து அந்த ‘சவுக்’ சத்தம் தொடர்ந்து ஒன்பது முறை கேட்டது. மேடம் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் தூசி விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டேன்.

பெங்களூருக்கு நான் போகவில்லை. அன்று கல்லூரியில் ஆண்டு விளையாட்டு விழா, ஓட்டப் பாதைக்குக் கோடு போட வேண்டும். சுண்ணாம்பு டப்பாவோடு நான் இரண்டாம் வளைவில் நிற்கும்போது போன் வந்தது. போனைக் காதில் வைக்கவே தேவைப்படவில்லை.

“வாங்கிக்கினாங்கண்ணா! என்னை வாங்கிக்கினாங்க! பன்னெண்டுல பத்து! கையெழுத்துப் போட்டுட்டு வந்துக்கினு இருக்கேன்!”

நான் துள்ளிக் குதித்ததில் ஐந்தாவது கோடு ஆறாவது கோட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். அன்று அது ஒரு வேலையாகவே தெரியவில்லை.

அடுத்த மாதம் நான் ஓய்வு பெற்றேன். கஜா ஊர் ஊராக ஆடினாள். முதல் சீசனில் பாதி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். இரண்டாவதில் முதல் ஐந்தில் ஒருத்தியானாள். டிவியில் அவள் ஆடும்போது நகரியில் தறியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள் என்று அவள் நைனா பெருமையாகச் சொன்னார்.

போன மாதம் எங்கள் புதிய அரங்கத் திறப்புக்கு அவள் டீமையே கண்காட்சி ஆட்டத்துக்கு அழைத்திருந்தார்கள். மரத் தரை, ஒரு பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்கும் போஸ்ட். அளக்கக் கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான், கையில் லேசர் கருவி. அதைத் தரையில் நிமிர்த்தி வைத்தான். சிவப்புப் புள்ளி போய் ரிங்கில் உட்கார்ந்தது. ஒரு நொடியில் திரையில் மூன்று புள்ளி சைபர் ஐந்து. மேடம் என்னைக் குறும்பாகப் பார்த்தார். நான் கேலரியில் போய் உட்கார்ந்தேன்.

டீம்கள் வார்ம் அப்புக்கு வந்தன. அரங்கமே “கஜா, கஜா” என்று அதிர்ந்தது. அவள் ஃப்ரீ த்ரோ கோட்டில் நின்று போட்டாள். பந்து முன்விளிம்பில் பட்டு விழுந்தது. இரண்டாவதும் அதே இடம். மூன்றாவதும். கேலரியில் எல்லோரும் ‘ச்சு’ கொட்டினார்கள். சொந்த ஊரில் ஆடுவதால் படபடப்பு என்று எனக்குப் பின்னால் ஒருவர் விளக்கம் கொடுத்தார். எனக்குச் சித்தூர் ஞாபகம் வந்தது.

ஆனால் இந்த முறை அவள் கையை உதறவில்லை, ஷூ நாடாவை அவிழ்க்கவில்லை. நேராக அந்தத் தம்பியிடம் போனாள்.

“ரிங் ஒசரமா கீது.”

அவன் கருவியை மறுபடி வைத்துத் திரையைக் காட்டினான். மூன்று புள்ளி சைபர் ஐந்து. “பெர்ஃபெக்ட் மேடம், லேசர் பொய் சொல்லாது” என்றான். அந்த வார்த்தை எனக்குச் சுருக்கென்று குத்தியது. கஜா இடத்தைவிட்டு நகரவில்லை. நான் சொன்ன சார் கதைகளில் கேட்டிருந்த அந்த வார்த்தையை நிதானமாகச் சொன்னாள்.

“மள்ளீ.”

பிறகு கேலரியைத் திரும்பிப் பார்த்து, மைக் இல்லாமலே மொத்த அரங்கத்துக்கும் கேட்க, “மார்க்கரண்ணா, டேப் கீதா?” என்றாள்.

இல்லாமலா? அந்த மூன்று அங்குலத்துக்கு அப்புறம் வாங்கிய டேப், ஓய்வு பெற்றும் என் பையைவிட்டுப் போனதில்லை. இறங்கிப் போனேன். ஏணி வந்தது. மேலிருந்து நான் டேப் விட, கீழே மேடம் படித்தார். நான்கு அங்குலத்துக்கும் மேலே அதிகம். அந்தத் தம்பியின் முகம் வெளுத்துவிட்டது. நான் லேசரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அரைச் சாண் நீளம் இருந்தது.

“தம்பி, இது தலையிலேர்ந்து அளக்குதா, கால்லேர்ந்து அளக்குதா?”

அவன் ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்தான். தலையிலிருந்து அளக்கும்படி வைத்திருந்திருக்கிறான். கருவியின் நீளம் கணக்கில் வரவேயில்லை. அவன் கண் கலங்கிவிட்டது. நான் அவன் தோளைத் தட்டி, “உடு தம்பி. நான் மூணு வருசத்துக்கு மேல உட்டவன், நீ அரை மணி நேரம்தான்” என்றேன். ரிங்கை இறக்கினார்கள். டேப் விட்டுப் பார்த்தேன். சரி.

கஜா வளைகோட்டுக்கு வெளியே போய் நின்றாள். முழங்காலை மடக்கி, கையைக் கண்ணுக்கு மேலே நீட்டிப் போட்டாள். பந்து இரும்பைத் தொடவேயில்லை. ‘சவுக்.’ அவள் கையை இறக்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

முப்பத்து நான்கு வருஷம் எத்தனையோ முறை கேட்ட வார்த்தை. ஒருத்தரையும் பார்த்து நான் அதைச் சொன்னதில்லை. சொல்ல எனக்குத் தகுதியும் இருந்ததில்லை. அன்றைக்கு மைதானத்தின் நடுவில் நின்று, தொண்டை கிழியக் கத்தினேன்.

“மள்ளீ!”

அவள் மறுபடியும் போட்டாள்.